கையோடு கொண்டுபோகும் ஹெட்ஃபோன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

எனக்குத் தெரிந்தவர் யாராவது ஹெட்ஃபோன் வாங்கப் போகிறார் என்றால், கடைக்குள் நுழைவதற்கு முன்னால் எனக்கு ஒரு குறுஞ்செய்தி வந்துவிடும். வாங்கிச் சில நாள் கழித்து இன்னொன்று வரும். சந்தேகங்கள் பெரும்பாலும் ஒன்றேதான் என்பதால், கேட்டவர்களின் வாய்மொழியிலேயே கேள்விகளை எடுத்துவைத்துப் பதில்களை ஒழுங்குபடுத்தியிருக்கிறேன். வீட்டில் உட்கார்ந்து கேட்பதற்கான பெரிய கருவிகள் இதில் இல்லை. ரயில், பேருந்து, நடைப்பாதை, அலுவலகம், விமானம் ஆகிய இடங்களில் கேட்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறேன். விலை என்று குறிப்பிடுவதெல்லாம் சிங்கப்பூர் வெள்ளி.

"ஹெட்ஃபோன், இயர்ஃபோன், இயர்பட்ஸ், எல்லாம் ஒண்ணுதானே? எத்தனை வகை இருக்கு?"

காதில் உட்காரும் விதத்தை வைத்து நான்காகப் பிரித்துக்கொண்டால் போதும். காது மடலை முழுதாக மூடிக்கொள்ளும் பெரிய ஹெட்ஃபோன் முதல் வகை. மடலின்மேல் அழுந்தி உட்காரும் சிறிய ஹெட்ஃபோன் இரண்டாவது. ரப்பர் நுனியோடு காதுத் துளைக்குள் நுழைந்து அடைத்துக்கொள்ளும் இயர்ஃபோன் மூன்றாவது. துளையை அடைக்காமல் வெளியிலேயே நிற்கும் வகையும், காதுக்கு முன்னால் எலும்பின்மேல் பொருந்தி அதிர்வாக ஒலியைக் கொடுக்கும் வகையும் சேர்ந்து நான்காவது. இன்று கடைகளில் இயர்பட்ஸ் என்று சொன்னால், பெரும்பாலும் வயர் இல்லாத மூன்றாவது வகையைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

முதல் வகையும் மூன்றாவது வகையும் வெளிச்சத்தத்தைத் தடுப்பவை. மற்ற இரண்டும் தடுப்பது குறைவு; உங்கள் பாட்டையும் வெளியே விடும். 1979இல் சோனி வாக்மேனோடு வந்த பஞ்சுத் திண்டு ஹெட்ஃபோன் இரண்டாவது வகை. 1984இல் வெளியான காஸ் போர்ட்டா புரோ இன்றும் விற்பனையில் இருக்கிறது. விலைக்கு மிஞ்சிய இனிமை அதில் உண்டு, ஆனால் பக்கத்து இருக்கைக்காரரும் கூடவே கேட்க வேண்டியிருக்கும். பெரிய ஹெட்ஃபோன்களிலும் பின்புறம் திறந்த மாதிரிகள் உள்ளன. சென்ஹைசர் எச்டி 600 அப்படிப்பட்டது. அவற்றை வீட்டோடு விட்டுவிடுங்கள்.

"தினமும் எம்ஆர்டியில போயிட்டு வர்றேன். எனக்கு எது சரிப்படும்?"

சிங்கப்பூரின் எம்ஆர்டி ரயிலில் வடக்கு-கிழக்குப் பாதை, வட்டப் பாதை, டௌன்டவுன் பாதை மூன்றும் முழுக்க நிலத்தடியில் ஓடுபவை. சுரங்கத்துக்குள் சக்கரச் சத்தம் சுவரில் பட்டு எதிரொலித்துத் திரும்பிவரும். ஆகவே முதல் வகை, மூன்றாவது வகை ஆகிய இரண்டுக்குள்தான் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அதன்பிறகு பார்க்க வேண்டியது, ரயிலை விட்டு இறங்கிய பின் என்ன செய்கிறீர்கள் என்பது. நிலையத்திலிருந்து வீடு இருக்கும் புளோக் வரைக்கும் வெயிலில் நடப்பவருக்கு, பெரிய ஹெட்ஃபோனின் திண்டுக்குள் வியர்வை கட்டிக்கொள்ளும். நெரிசலில் நின்றுகொண்டே போகிறவர், மூக்குக்கண்ணாடி அணிபவர், கொண்டை போட்டுப் பூ வைப்பவர் ஆகியோருக்கும் அது தொல்லைதான்.

என் கணிப்பில், இந்த ஊரில் பயணத்துக்காக மட்டும் வாங்கும் பெரும்பாலானோருக்கு இரைச்சல் நீக்கம் உள்ள இயர்பட்ஸே பொருந்தும். அலுவலக மேசையில் மணிக்கணக்காகக் கேட்பவரும், அடிக்கடி விமானம் ஏறுபவரும் பெரிய ஹெட்ஃபோனுக்குப் போகலாம்.

"இரைச்சல் நீக்கம் இருந்தா சத்தம் சுத்தமா நின்னுடும்னாங்க. பக்கத்துல பேசுறது கேக்குதே!"

கேட்கத்தான் செய்யும். கருவியில் இருக்கும் நுண்ணிய ஒலிவாங்கிகள் வெளிச்சத்தத்தைக் கவனிக்கின்றன; உள்ளே உள்ள சில்லு அதற்கு நேர் எதிரான அலையை உண்டாக்கிப் பாட்டோடு சேர்த்து அனுப்புகிறது; இரண்டு அலைகளும் காதருகே சந்திக்கும்போது ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ரயில் உறுமல், பேருந்து எஞ்சின், குளிர்சாதனம் போன்ற தாழ்ந்த, மாறாத ஒலிகளில் இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்துகிறது. பேச்சுக் குரல், கரண்டி தட்டில் மோதும் சத்தம், குழந்தையின் அழுகை ஆகியவை உயர்ந்த ஒலிகள், நொடிக்கு நொடி மாறுபவை. அவற்றைப் பெரும்பாலும் தடுப்பது சில்லு அன்று. திண்டும் ரப்பர் நுனியும்தான்.

இந்தத் தொழில்நுட்பம் வளர்ந்த இடமே அதன் பலத்தைச் சொல்லிவிடும். எம்ஐடி பேராசிரியராக இருந்த அமர் போஸ், 1978இல் ஒரு விமானப் பயணத்தில் எஞ்சின் சத்தத்துக்கிடையே பாட்டுக் கேட்க முடியாமல் இதைப் பற்றிக் கணக்குப் போடத் தொடங்கினார். அவருடைய நிறுவனம் 1989இல் விமானிகளுக்கான கருவியையும், 2000இல் பயணிகளுக்கான ஹெட்ஃபோனையும் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எஞ்சின் உறுமலை அடக்கப் பிறந்த கருவியிடம் காப்பிக்கடை அரட்டையை அடக்கச் சொன்னால், பாதிதான் நடக்கும்.

சிலருக்கு இரைச்சல் நீக்கத்தைப் போட்டதும் காதை அழுத்துவது போன்ற உணர்வு வரும். அது எல்லாருக்கும் வருவதில்லை. வருகிறவருக்கு எளிதில் போவதுமில்லை. ஆகையால் கடையில் அரை நிமிடம் போட்டுப் பார்த்துக் கழற்றிவிடாமல், கால் மணி நேரமாவது போட்டுக்கொண்டு நடமாடுங்கள்.

"விமர்சனத்துல எல்லாம் பேஸ் அதிரும்னு சொன்னாங்க. எனக்குத் தகர டப்பா மாதிரி கேக்குது. டூப்ளிகேட்டா?"

போலியாகவும் இருக்கலாம், ஆனால் முதலில் நுனியைப் பாருங்கள். மூன்றாவது வகையில் காதுத் துளை இடைவெளியின்றி அடைபட வேண்டும். ஓரத்தில் மெல்லிய இடுக்கு இருந்தால்கூடப் பேஸ் எனும் தாழ்ந்த ஒலி அந்த வழியே கசிந்துவிடும், மேல்ஒலி மட்டும் மிஞ்சும். பெட்டியில் இரண்டு மூன்று அளவு நுனிகள் கொடுப்பது இதற்காகத்தான். பலர் நடு அளவை மாட்டியபடியே விட்டுவிடுகிறார்கள். ஒரு கையால் காது மடலை மேலும் பின்னுமாக இலேசாக இழுத்துக்கொண்டு, மறு கையால் இயர்பட்டைச் சற்றே திருகிச் செருகுங்கள். உங்கள் குரலே உங்களுக்குள் குடத்துக்குள் பேசுவதுபோல் ஒலித்தால் அடைப்பு சரி. இடது காதுக்கும் வலது காதுக்கும் வெவ்வேறு அளவு தேவைப்படுவது இயல்பு.

எந்த அளவும் சேரவில்லை என்றால், அழுத்திச் செருகியபின் விரிந்துகொள்ளும் பஞ்சு நுனிகள் தனியாகக் கிடைக்கின்றன. பெரிய ஹெட்ஃபோனிலும் இதே கதைதான்: மூக்குக்கண்ணாடியின் கம்பி திண்டைத் தூக்கிப் பிடித்தால் பேஸும் குறையும், இரைச்சல் நீக்கமும் குறையும்.

"வயர் வச்சது நல்லதா, புளூடூத் நல்லதா?"

ஒரே விலைக்கு ஒலித்தரம் மட்டும் வேண்டும் என்றால் வயர்தான். புளூடூத் கருவியின் விலைக்குள் மின்கலம், சில்லு, ஒலிவாங்கி, சார்ஜ் பெட்டி எல்லாம் அடங்கியிருக்கின்றன. வயர் இயர்ஃபோனில் முழுப் பணமும் ஒலிக்கும் உடலுக்கும் போகிறது. கேஇசட், மூன்ட்ராப், 7ஹெர்ட்ஸ் போன்ற சீன நிறுவனங்களின் வயர் இயர்ஃபோன்கள் 40 வெள்ளிக்குள் தரும் ஒலி, சில ஆண்டுகளுக்கு முன் பல மடங்கு விலையில் கிடைத்தது. அவற்றுக்கு மின்கலம் தேய்ந்து சாவதும் இல்லை.

ஆனாலும் கூட்டத்தில் வயர் கைப்பையில் சிக்கி இழுபடுவதை நாள்தோறும் பொறுத்துக்கொள்ள முடியாது என்பவரைக் குறை சொல்ல மாட்டேன். இரைச்சல் நீக்கமும் நடைமுறையில் புளூடூத் பக்கமே இருக்கிறது. இயர்பட்ஸின் மின்கலம் மிகச் சிறியது. நாள்தோறும் பயன்படுத்தினால் இரண்டு மூன்று ஆண்டுகளில் அது தாங்கும் நேரம் கண்ணுக்குத் தெரியக் குறைந்துவிடும். அதை மாற்றிக்கொள்வது பெரும்பாலான மாதிரிகளில் கட்டுப்படியாகாது. வாங்கும் விலையை அந்த ஆண்டுகளால் வகுத்துப் பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.

"என் போன்ல வயர் செருகுற ஓட்டையே இல்லையே?"

2016இல் ஐஃபோன் 7 அதைக் கைவிட்டது. பிற நிறுவனங்களும் பின்தொடர்ந்தன. யுஎஸ்பி-சி துளையில் செருகி 3.5 மிமீ துளை தரும் சிறு இணைப்பான் ஒன்று போதும். ஐஃபோன் 15 முதல் ஐஃபோனுக்கும் அதே துளைதான். மிக மலிவான, பெயரில்லாத இணைப்பான்களில் சிலவற்றுக்குள் ஒலியை மாற்றும் சில்லே இருக்காது. சில போன்களில் அவை வேலை செய்யா. உங்கள் போனைக் கடையிலேயே செருகிப் பார்த்து வாங்குங்கள்.

"எல்டேக், ஆப்டெக்ஸ், ஏஏசின்னு போட்டிருக்கு. எது இருந்தா வாங்கணும்?"

பாட்டைச் சுருக்கிக் காற்றில் அனுப்பும் முறைகளின் பெயர்கள் அவை. எஸ்பிசி எல்லாக் கருவியிலும் உண்டு. ஐஃபோன் ஏஏசி முறையைப் பயன்படுத்துகிறது; ஆகவே ஐஃபோன்காரர் எல்டேக்குக்காகக் கூடுதல் பணம் கொடுப்பது வீண். எல்டேக் சோனியின் முறை, நொடிக்கு 990 கிலோபிட் வரை போகும், 2017இல் வந்த ஆண்ட்ராய்டு 8 முதல் பல போன்களில் இருக்கிறது. ஆனால் நெரிசலான ரயில் பெட்டியில் அத்தனை பேரின் புளூடூத்துக்கும் நடுவே அதன் உச்ச வேகத்தை வைத்துக்கொண்டால் பாட்டு விட்டுவிட்டு வரக்கூடும். வேகம் தானாகக் கூடிக்குறையும்படி விட்டுவிடுவதே நல்லது.

யூடியூபில் கேட்பவருக்கு இதில் எதுவும் கவலைக்குரியதன்று, ஏனென்றால் அங்கே பாட்டு ஏற்கெனவே சுருக்கப்பட்டுத்தான் வருகிறது. நுனி சரியாக அடைவதால் கிடைக்கும் மாற்றத்தோடு ஒப்பிட்டால் இந்த முறைகளுக்கிடையிலான வேறுபாடு சிறியது. இருந்தாலும் கடைகளில் பேச்சு முழுக்க இதைப் பற்றியே நடக்கிறது.

"நான் கேக்குறது கச்சேரியும் பழைய பாட்டும்தான். கடையில எல்லாரும் பேஸ், பேஸ்னு காட்டுறாங்க. எனக்கு எப்படிப் பாக்கறது?"

கடையில் ஓடவிடும் மாதிரிப் பாட்டுகளை நம்பாமல், நீங்கள் நன்றாக அறிந்த பாட்டுகளை உங்கள் போனிலேயே தரவிறக்கி எடுத்துப் போங்கள். ஒன்று வாய்ப்பாட்டுக் கச்சேரியாக இருக்கட்டும். பாடகர் மூச்சு வாங்கும் இடைவெளியில் தம்புரா பின்னால் தொடர்ந்து ஒலிக்கிறதா, அல்லது குரல் நின்றதும் எல்லாமே நின்றுபோனதுபோல் இருக்கிறதா என்று கவனியுங்கள். அடுத்து ஒரு தனி ஆவர்த்தனம். மிருதங்கத்தின் இடப்பக்கமான தொப்பியில் விழும் கும்கி என்ற ஆழ்ந்த ஒலியும் வலப்பக்கமான வலந்தலையில் விழும் சொற்களும் தனித்தனியாகப் பிரிந்து கேட்க வேண்டும். விரைவான கோர்வையில் தொப்பியின் நாதம் பரவி அடுத்த சொல்லை மூடினால், அந்த ஹெட்ஃபோனில் பேஸ் அளவுக்கு மீறி ஏற்றப்பட்டிருக்கிறது. கடைக்காரர் அதைத்தான் "அதிருது பாருங்க" என்று சொல்லி விற்பார்.

ஐம்பது, அறுபதுகளின் திரைப்பாடல்களுக்கு வேறொரு சோதனை உண்டு. அந்தக் காலத்து ஒலிப்பதிவுகள் பெரும்பாலும் ஒற்றைத் தடத்தில் அமைந்தவை, தாழ்ந்த ஒலி குறைந்தவை, பின்னணியில் ஓர் இரைச்சலும் இருக்கும். மேல்ஒலியைக் கூர்மையாக்கும் ஹெட்ஃபோனில் அந்த இரைச்சலும், 'ச', 'ஷ' வரும் இடங்களும் ஊசிபோல் குத்தும். எண்பதுகளின் பாடல்களில் பேஸ் கிட்டார் தனி மெட்டாகவே ஓடும். அந்த மெட்டை நீங்கள் முணுமுணுக்க முடிந்தால் பேஸ் தெளிவாக இருக்கிறது என்று பொருள். வெறும் அதிர்வு மட்டும் தெரிந்தால் அளவு இருக்கிறது, தெளிவு இல்லை. கச்சேரிக்காரருக்கு நான் சொல்வது: குரல் நிற்கும் நடுப்பகுதி இயல்பாக இருப்பதை எடுங்கள், பேஸ் சற்றுக் குறைவாகத் தோன்றினாலும் பரவாயில்லை. பெரும்பாலான புளூடூத் கருவிகளின் செயலியில் பேஸைக் கூட்டவும் குறைக்கவும் வழி உண்டு. குரலின் இயல்பு கெட்டிருந்தால் அதைச் சீராக்குவது கடினம்.

"பெட்டியில ஓம், ஹெர்ட்ஸ், டெசிபல்னு எழுதியிருக்கே, அதப் பாக்கணுமா?"

20 முதல் 20,000 ஹெர்ட்ஸ் வரை என்று ஏறத்தாழ எல்லாப் பெட்டியிலும் எழுதியிருக்கும். அதை வைத்து எதையும் தீர்மானிக்க முடியாது. 40,000 ஹெர்ட்ஸ் வரை என்று எழுதினாலும் மனிதக் காது 20,000க்கு மேல் கேட்பதில்லை, நடுத்தர வயதில் அந்த எல்லை இன்னும் கீழே வந்துவிடுகிறது. மின்தடையைக் காட்டும் ஓம் எண் வயர் கருவிகளுக்கு மட்டும் பொருட்டு: 16, 32 என்றால் போனே போதும், முன்பு சொன்ன எச்டி 600 போல 300 ஓம் என்றால் போனில் ஒலி மெலிந்து போகலாம்.

"ரெண்டு வருஷம்கூட ஆகல, திண்டு உரிஞ்சு கறுப்பு கறுப்பா காதுல ஒட்டுது. ஏமாத்திட்டாங்களா?"

இல்லை, இது நம் ஊர்க் காற்று செய்யும் வேலை. சிங்கப்பூரில் சராசரி ஈரப்பதம் 80 விழுக்காட்டுக்கு மேல். திண்டின்மேல் இருக்கும் செயற்கைத் தோல் பெரும்பாலும் பாலியூரத்தேன். ஈரம் அதன் மூலக்கூறுகளை மெல்ல மெல்லப் பிரித்துவிடுகிறது, வியர்வையும் தலை எண்ணெயும் அதை விரைவுபடுத்துகின்றன. முதலில் தையல் ஓரத்தில் நகக்கீறல் அளவு வெடிப்பு தெரியும். சில வாரங்களில் மிளகுத்தூள் அளவில் கறுப்புச் செதில்கள் காதுமடலிலும் சட்டைக் காலரிலும் உதிரும். பயன்படுத்தாமல் பெட்டிக்குள் பூட்டிவைத்தாலும் இது நடக்கும் என்பதுதான் வேடிக்கை.

ஆகவே பெரிய ஹெட்ஃபோன் வாங்கும்போது நான் முதலில் பார்ப்பது, திண்டைக் கையால் கழற்ற முடிகிறதா, மாற்றுத் திண்டு இங்கே கிடைக்கிறதா என்பதைத்தான். சோனி, போஸ் போன்ற பரவலான மாதிரிகளுக்குப் பிற நிறுவனங்கள் செய்த திண்டுகள் இணையத்தில் மலிவாகக் கிடைக்கும். துணி உறை போட்டவையும் உண்டு. ஆனால் துணித் திண்டு சற்றுக் கசியவிடும், இரைச்சல் நீக்கமும் பேஸும் கொஞ்சம் மாறும். பயன்படுத்தியபின் ஈரத்தைத் துடைத்து, சிலிக்கா ஜெல் பொட்டலம் போட்ட டப்பாவில் வைத்தால் ஆயுள் நீளும். கேமரா வைக்கும் உலர்பெட்டி வீட்டில் இருந்தால் அதிலேயே ஓரமாக வைக்கலாம்.

இயர்பட்ஸ்காரருக்கு வேறு தொல்லை. வியர்வையோடு அப்படியே சார்ஜ் பெட்டிக்குள் போட்டால் பொன்னிறத் தொடுமுனைகளில் பச்சைப் பூஞ்சைபோல அரிப்பு படியும், பிறகு ஒரு பக்கம் மட்டும் சார்ஜ் ஏறாது. துடைத்துவிட்டுப் போடுங்கள். ஐபிஎக்ஸ்4 என்ற குறியீடு நீர்த் தெறிப்பைத் தாங்கும் என்று மட்டுமே சொல்கிறது, குளியலறைக்குள் கொண்டுபோகலாம் என்று சொல்லவில்லை; சார்ஜ் பெட்டிக்கு அந்தக் காப்பும் பல மாதிரிகளில் இருப்பதில்லை.

"இயர்பட்ஸ் போட்டா காது அரிக்குது. எனக்கு ஒத்துக்காதா?"

துளையை மணிக்கணக்காக அடைத்துவைத்தால் உள்ளே ஈரம் தேங்கும், நம் தட்பவெப்பத்தில் பூஞ்சைத் தொற்றுக்கும் அது வாய்ப்பாகும். குளித்தவுடன் ஈரக்காதில் போடாதீர்கள், நுனியைக் கழற்றி வாரம் ஒருமுறை சோப்பு நீரில் கழுவி முழுதாகக் காயவைத்து மாட்டுங்கள், பிறரோடு மாற்றிக்கொள்ளாதீர்கள். அரிப்போடு வலியோ நீர் வடிதலோ இருந்தால் கருவியை நிறுத்திவிட்டு மருத்துவரைப் பாருங்கள். ஒரு காதில் ஒலி குறைந்ததாகத் தோன்றினால், பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் போன் டார்ச்சை அடித்து வலையைப் பாருங்கள். பெரும்பாலும் காதழுக்குதான் அடைத்திருக்கும்.

"எவ்வளவு சத்தம் வரைக்கும் வைக்கலாம்? பிள்ளைக்கு வாங்கினா?"

உலகச் சுகாதார நிறுவனம் பெரியவர்களுக்கு 80 டெசிபலில் வாரத்துக்கு 40 மணி நேரம் என்றும், பிள்ளைகளுக்கு 75 டெசிபலில் அதே 40 மணி நேரம் என்றும் வரம்பு சொல்கிறது. மூன்று டெசிபல் கூடும்போதெல்லாம் நேரம் பாதியாகும்: 83 என்றால் 20 மணி, 86 என்றால் 10, 89 என்றால் 5. ஐஃபோனிலும் பல ஆண்ட்ராய்டு போன்களிலும் ஒலி அளவைக் கண்காணித்து எச்சரிக்கும் வசதி உண்டு, அதை முடுக்கிவிடுங்கள். வீட்டில் போதுமான அளவு ஒலி, சுரங்க ரயிலுக்குள் போதாமல் போகும். அப்போது நாம் கூட்டுவதுதான் காதைக் கெடுக்கிறது. இரைச்சல் நீக்கத்துக்குப் பணம் கொடுப்பதற்கு எனக்குத் தெரிந்த மிக நல்ல காரணம் இதுவே.

பிள்ளைகளுக்கான ஹெட்ஃபோன்களில் 85 டெசிபலுக்கு மேல் போகாது என்று எழுதியிருக்கும். மேற்சொன்ன கணக்கின்படி அதுவே நீண்ட நேரத்துக்கு அதிகம். போனிலோ டேப்லெட்டிலோ நீங்களே உச்ச அளவைக் குறைத்துப் பூட்டிவையுங்கள்.

"சிம் லிம்மா, முஸ்தஃபாவா, ஆன்லைனா? எங்கே வாங்கினா நல்லது?"

காதில் போட்டுப் பார்க்க வேண்டும் என்றால், கோல்மன் ஸ்திரீட்டில் உள்ள அடெல்ஃபி கட்டடத்துக்கும் சிம் லிம் ஸ்குவேருக்கும் போகலாம். ஒலிக்கருவிகளுக்கென்றே இருக்கும் கடைகளில் மாதிரிகளை வைத்துக் கேட்கவிடுவார்கள். உங்களுக்குப் பொருந்தும் நுனிகளை எடுத்துப் போனால் சுத்தமாகவும் இருக்கும், சோதனையும் சரியாக இருக்கும். முஸ்தஃபா பேரங்காடியில் நள்ளிரவிலும் வாங்கலாம், ஆனால் எதை வாங்குவது என்று முன்பே முடிவு செய்தவருக்கே அது ஏற்றது. இணையத்தில் விலை குறைவு. போலிகளும் அங்கேதான் அதிகம் என்பதால் நிறுவனத்தின் அதிகாரபூர்வக் கடையா என்று பாருங்கள்.

விலை கேட்கும்போதே "லோக்கல் செட்டா, எக்ஸ்போர்ட் செட்டா?" என்றும் கேளுங்கள். இரண்டாவது வேறு நாட்டுச் சந்தைக்கானது; உள்ளூர் முகவர் அதற்கு உத்தரவாதம் தர மாட்டார், கடை மட்டும் தரும். 80 வெள்ளி மிச்சப்படுத்தியவர், பழுதானபோது அந்தக் கடையே இல்லாமல் போனதைச் சொல்லி வருத்தப்பட்டிருக்கிறார். வெளிநாட்டு இணையத்தளத்தின் விலையோடு ஒப்பிடும்போது 9 விழுக்காட்டுப் பொருள் சேவை வரியையும் கூட்டிக்கொள்ளுங்கள். 400 வெள்ளிக்கு உட்பட்ட இறக்குமதிக்கும் 2023 முதல் வரி உண்டு.

"வாங்கி மூணு மாசத்துல ஒரு பக்கம் போயிடுச்சு. கடைக்காரர் 'ஒரு வாரம்தான் மாத்தித் தருவோம்'ங்கிறார்."

2012 செப்டம்பரில் நடப்புக்கு வந்த லெமன் சட்டத்தின்படி, வாங்கிய ஆறு மாதத்துக்குள் வெளிப்படும் குறை, வாங்கும்போதே இருந்ததாகக் கொள்ளப்படும். இல்லை என்று நிரூபிப்பது கடையின் பொறுப்பு. முதலில் பழுதுபார்த்துத் தரவோ மாற்றித் தரவோ கேட்கலாம்; முடியாதபோது விலைக் குறைப்போ பணத்தைத் திருப்பித் தருவதோ வரும். நீங்கள் கீழே போட்டு உடைத்ததற்கும், நனைத்ததற்கும் இது பொருந்தாது. ரசீதோடு போய் நிதானமாக இதைச் சொன்னாலே பல இடங்களில் காரியம் நடக்கும். நடக்காவிட்டால் பயனீட்டாளர் சங்கத்தை அணுகலாம்.

"கேரோசல்ல பாதி விலைக்கு வருது. எடுக்கலாமா?"

கேரோசல் செயலியில் பிறர் பயன்படுத்திவிட்டு விற்பது வயர் கருவி என்றால் தயங்காமல் எடுக்கலாம். நுனியையும் திண்டையும் மட்டும் புதிதாக மாற்றுங்கள். இயர்பட்ஸ் வேண்டாம். மின்கலம் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பது சந்திக்கும் எம்ஆர்டி நிலையத்தில் நின்று ஐந்து நிமிடம் பார்த்தால் தெரியாது, போலிகளும் மிகுதி. தனிமனிதர் விற்கும் பொருளுக்கு மேற்சொன்ன லெமன் சட்டம் துணைக்கு வராது.

"எவ்வளவு போட்டா போதும்? நம்ம ஊர் கிரியேட்டிவ் எப்படி?"

வயரில் 30 முதல் 60 வெள்ளிக்குள் நிறைவாகக் கேட்க முடியும். இரைச்சல் நீக்கம் உள்ள இயர்பட்ஸுக்கு 100 முதல் 150 வெள்ளி வரை நியாயமானது. 300க்கு மேல் கொடுக்கும்போது கிடைப்பது பெரும்பாலும் சிறந்த இரைச்சல் நீக்கமும் தெளிவான அழைப்புக் குரலும்தான், பாட்டு அதே அளவுக்கு உயர்வதில்லை. பெரிய ஹெட்ஃபோனில் புதிய மாதிரி வெளிவந்ததும் பழையது விலை இறங்கும். சோனியின் 1000எக்ஸ் வரிசையில் முந்தைய மாதிரியை வாங்குவதில் எந்தக் குறையும் இல்லை.

கிரியேட்டிவ் நிறுவனத்தை சிம் வோங் ஹூ 1981இல் இங்கே தொடங்கினார். 1989இல் வந்த சவுண்ட் பிளாஸ்டர் அட்டைதான் உலகெங்கும் கணினிகளைப் பாட வைத்தது. அவர்களுடைய அவுட்லையர், ஆர்வானா வரிசைகள் விலைக்கு ஏற்றவை. உள்ளூர் முகவரி இருப்பதால் பழுது என்றால் நேரில் போகலாம் என்பது கூடுதல் வசதி. ஆனாலும் நாட்டுப்பற்றால் காதில் நுனி பொருந்திவிடாது. மற்றவற்றைப் போல இதையும் போட்டுப் பார்த்தே வாங்குங்கள்.

"பாட்டு அருமையா கேக்குது. ஜூம்ல சேர்ந்ததும் பழைய டெலிபோன் மாதிரி ஆயிடுது, ஏன்?"

வழக்கமான புளூடூத்தில் பாட்டுக்கு ஒரு வழி, பேச்சுக்கு வேறொரு வழி. ஹெட்ஃபோனின் ஒலிவாங்கி திறந்ததும் மடிக்கணினி பேச்சு வழிக்கு மாறிவிடுகிறது, அது குறுகலானது. கூட்டச் செயலியின் அமைப்பில், ஒலிவாங்கி என்ற இடத்தில் மடிக்கணினியின் சொந்த ஒலிவாங்கியைத் தேர்ந்தெடுங்கள், ஒலி திரும்பிவிடும். கரவோக்கே பாடுபவரும் கீபோர்டு செயலியில் பயிற்சி செய்யும் பிள்ளையும் புளூடூத்தில் தாளம் பிந்துவதை உணர்வார்கள். அதற்கு வயரைத் தவிர வேறு நல்ல வழி இல்லை.

"சென்னைக்குப் போறப்ப பிளேன்ல படம் பாக்க முடியுமா?"

நான்கு மணி நேரப் பயணத்தில் இருக்கைத் திரையைப் பார்க்க, பல விமானங்களில் இன்னும் வயர் வேண்டும். ஆகவே புளூடூத் ஹெட்ஃபோன் வாங்கும்போது 3.5 மிமீ வயரையும் செருக முடிகிறதா என்று பாருங்கள். பழைய இருக்கைகளுக்கு இரட்டை முனை இணைப்பான் தேவைப்படலாம். இயர்பட்ஸ் மட்டும் வைத்திருப்பவர் சிறு புளூடூத் அனுப்பியை வாங்கிக்கொள்ளலாம். 2025 ஏப்ரல் முதல் சிங்கப்பூர் ஏர்லைன்ஸ், ஸ்கூட் விமானங்களில் பவர்பேங்க் வைத்து சார்ஜ் செய்ய அனுமதி இல்லை. வீட்டிலேயே முழுதாக ஏற்றிக்கொண்டு கிளம்புங்கள்.

"ஈஸ்ட் கோஸ்ட்ல ஓடுறப்ப எதப் போட்டுக்கலாம்?"

காதை அடைக்கும் இயர்ஃபோனைப் போட்டு ஓடினால் ஒவ்வோர் அடியும் மண்டைக்குள் 'தொம் தொம்' என்று விழும். அதோடு, பின்னால் வரும் சைக்கிள் மணி கேட்காது. முதல் கேள்வியில் சொன்ன நான்காவது வகையை இங்கே பயன்படுத்துங்கள். பேஸ் குறைவாக இருக்கும், அதைப் பொறுத்துக்கொள்ளலாம். வெளிச்சத்தத்தை உள்ளே விடும் வசதி இயர்பட்ஸில் இருந்தாலும் கடற்கரைக் காற்று ஒலிவாங்கியில் மோதி இரையும்.

"எங்கம்மாவுக்கு எழுபது வயசு. ஒலி 96.8 கேக்கத்தான். என்ன வாங்கிக் குடுக்கலாம்?"

இயர்பட்ஸ் வேண்டாம், நழுவி விழும், எந்தக் காதுக்கு எது என்று குழப்பும், தட்டினால் பாட்டு நிற்கும். இலேசான, மடலின்மேல் உட்காரும் வயர் ஹெட்ஃபோன், வயரிலேயே ஒலி கூட்டிக் குறைக்கும் சக்கரம் இருந்தால் இன்னும் நல்லது. எஃப்எம் வசதி உள்ள போன்களில் அந்த வயர்தான் அலைவாங்கியாகவும் வேலை செய்கிறது. அந்த வசதி இல்லாத போனில் ஒலி 96.8 தமிழ் வானொலியைச் செயலியில் கேட்கலாம். அம்மா தொலைக்காட்சியையும் சத்தமாக வைக்கிறார், கூப்பிட்டால் மறுபடி கேட்கிறார் என்றால், ஹெட்ஃபோனுக்கு முன்னால் பலதுறை மருந்தகத்தில் காதைக் காட்டிவிடுங்கள்.

"புதுசு வாங்கினேன், பிடிக்கல. நூறு மணி நேரம் ஓட விட்டா சரியாயிடும்கிறாரு கடைக்காரர். உண்மையா?"

ஓடவிடுவதால் கருவியில் ஏற்படும் மாற்றம் இருந்தாலும் மிகச் சிறிது. அதைவிடத் திண்டு தலைக்குப் பழகுவதும், உங்கள் காது அந்த ஒலிக்குப் பழகுவதும் அதிகம். குரல் மங்கலாகவோ மேல்ஒலி குத்துவதாகவோ முதல் நாளே பட்டால், நுனியை மாற்றிப் பாருங்கள், செயலியில் பேஸைக் குறைத்துப் பாருங்கள். அதற்கும் சரிவரவில்லை என்றால் கடைக்குத் திரும்பிப் போங்கள். நாளுக்கு இரண்டு மணி நேரம் கேட்பவருக்கு நூறு மணி நேரம் முடிய ஏழு வாரம் ஆகும். மாற்றிக்கொள்ள ரசீதில் போட்டிருக்கும் கெடு பெரும்பாலும் ஏழு நாள்.